‘இரத்தக் கோட்டை’த் தொகுப்பும் பாட ஆராய்ச்சியும்

படக்கதைகளைத் தமிழாராய்ச்சியாளர் பெரிதும் பொருட்படுத்தினாரல்லர். அவை சிறுவர் படித்து எறியும் தாள்கள் என்பது பொதுவான எண்ணம். எனினும் 1972இல் முத்து காமிக்ஸும் 1984இல் லயன் காமிக்ஸும் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய பின்னர், அவற்றின் வழியே தனித்ததொரு மொழிபெயர்ப்பு உரைநடை தமிழில் வளர்ந்துள்ளது. அதற்கும் பாட வரலாறு உண்டு என்பதைக் காட்டுதற்கு, ‘இரத்தக் கோட்டை’ என்னும் போர்க்கதையின் தொகுப்பை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

இதன் மூலம் பிரெஞ்சு மொழியில் உள்ளது. சார்லியே எழுத, ஜிரோ வரைந்த இக்கதை 1963 அக்டோபர் 31இல் ‘பிலோட்’ வார இதழில் தொடங்கிற்று. 1965 முதல் 1969 வரை ஐந்து நூல்களாக வெளிவந்தது. மூலத்தில் புளூபெரி எனப்பெறும் கதைத்தலைவன் தமிழில் கேப்டன் டைகர் ஆனான். ஐந்து பகுதிகளும் தமிழில் முதற்கண் கறுப்பு வெள்ளையில் தனித்தனியே வந்து, 2017இல் வண்ணத்தில் ஒரு நூலாகத் தொகுக்கப்பெற்றன.

கதையின் கரு வரலாற்று நிகழ்ச்சியே. 1861இல் அரிசோனாவில் பாஸ்கம் என்னும் லெப்டினன்ட், ஒரு சிறுவனைக் கடத்தியதாக அப்பாச்சித் தலைவர் கொச்சீஸ் மீது பழி சுமத்தினார்; பேச்சுக்கு அழைத்துச் சிறைப்படுத்த முயன்றார். கொச்சீஸ் கூடாரத்தைக் கிழித்துத் தப்பினார். அதனால் மூண்ட போர் 1872இல்தான் உடன்பாட்டில் முடிந்தது. சார்லியே இதனை உள்நாட்டுப் போருக்குப் பிற்பட்ட காலத்திற்கு நகர்த்தி, பாஸ்கத்தை மேஜராகவும் உயர்த்திவிட்டார். மெய்யான பாஸ்கமோ 1862இலேயே போரில் மாண்டவர்! இத்தகைய பதிப்பிற்கு அழகிய அட்டையினும் நல்லதொரு முன்னுரை இன்றியமையாதது என்பது எம் கருத்து.

தலைப்புகள் பாட ஆராய்ச்சிக்கு மிக்க துணையாவன. நான்காம் பகுதியின் பிரெஞ்சுத் தலைப்பு ‘காணாமற்போன குதிரைவீரன்’ எனப் பொருள்படும். ஆங்கிலத்தில் அது மெக்சிகோவிற்குச் செல்லும் பணியைக் குறிப்பதாக மாறிற்று. தமிழில் ‘மெக்ஸிகோ பயணம்’ என நிற்றலின், தமிழ்ப்பாடம் ஆங்கில வழி வந்தமை புலனாகும். ஐந்தாம் பகுதி மூலத்தில் நவஹோ மக்களின் தடம். தமிழிலோ ‘செங்குருதிப் பாதை’. முதற் பகுதியிலும் நவஹோ என்னும் பெயர் நீங்க, இரத்தம் புகுந்தது. தோற்றோர் பெயரால் பரணிக்குப் பெயரிட்ட தமிழில் அப்பெயர் உதிர்ந்தமை எண்ணத்தக்கது. விற்பனை நோக்கமே காரணம் என்று தள்ளிவிடுதல் எளிது; அறியாத பெயர் தமிழ் வாசகர்க்கு எதனையும் உணர்த்தாது என்பதையும் மறத்தலாகாது.

ஐந்தும் ஒரு கட்டாக அமையும்போது ஓவியத்தின் வளர்ச்சியும் தெரிகின்றது. தொடக்கத்தில் ஜிரோ தம் ஆசான் ஜிஜேயின் சாயலிலேயே வரைந்தார். சில பக்கங்களை ஜிஜேயே வரைந்து உதவினார். பேச்சுக்குமிழின் அளவோ பிறமொழிச் சொற்களுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது. அதற்குள் நீண்ட தமிழ்ச்சொற்களை அடக்க வேண்டும். ஆதலின் இரு பதிப்புகளிடையே ஒரு சொல் குறைந்திருப்பின், அது கருத்து வேறுபாட்டாலா, இடமின்மையாலா என்று ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

அவ்வாராய்ச்சிக்குப் பழைய படிகள் வேண்டும். புதிய தொகுப்பு வந்தபின் அவை எதற்கு என்பாரை யாம் உடன்படோம். சாமளாபுரத்தில் விசைத்தறி நடத்தும் அன்பர் ஒருவர் தாம் காத்துவைத்திருந்த படிகளைக் காண இசைந்தார். தாள் பழுத்து, புரட்டுந்தோறும் ஓரம் உதிர்கின்றது. ஐந்தனுள் நான்கே அவரிடம் உள்ளன. ‘தனியே ஒரு கழுகு’ எமக்கு இதுவரை கிடைத்திலது.