ஒற்றியும் முன்வாங்கும் உரிமையும்: தேசவழமை நீதிமன்றம் ஏறிய வரலாறு

யாழ்ப்பாணத்தவர் காணியை வெறும் உடைமையாக எண்ணியவரல்லர். முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பெயர்களே அது வந்த வழியைச் சொல்லும். ஆதலின், காணி கைமாறும்பொழுது உரித்தாளரும் பங்காளரும் முன்னரே அறிதல் வேண்டும் என்பது நம் முன்னோர் கொண்ட நியதி. அந்நியர் ஆட்சியில் அந்நியதி நீதிமன்றம் ஏறியபோது என்னவாயிற்று என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், வழக்குகளைத் தீர்ப்பதற்கு நாட்டு வழமையை அறிய வேண்டியவராயினர். தேசாதிபதி கொர்னேலிஸ் யோவான் சைமன்சு 1706 இல் இட்ட கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்சு அவ்வழமைகளைத் தொகுத்து 1707 சனவரியில் ஒப்படைத்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரு முதலியார்கள் ஆராய்ந்து ஏற்றனர். ஆங்கிலேயர் 1806 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலிமை அளித்தனர். வாய்மொழியாய் வாழ்ந்த வழமை இவ்வாறு எழுத்திலேறியது. எழுத்துக்குப் பொருள் காணும் பொறுப்பு நீதிபதியைச் சார்ந்தது.

முதலில் ஒற்றியை நோக்குவோம். ஒற்றி பிடித்தவன் காணியைத் தன்வசம் வைத்து, வட்டிக்கு ஈடாக அதன் விளைவை அனுபவிப்பான். உடையவன் முதலைக் கொடுத்து மீட்கலாம். ஆயினும் விளைவுக் காலத்தை ஒட்டியே மீட்கவேண்டும். பயிரிட்டவன் உழைப்பு வீண்போகாதிருக்க எழுந்த அழகிய ஏற்பாடு இது. ஆனால் ஒற்றி ஒரு தலைமுறையோடு முடிவதில்லை. பேரன் மீட்க வரும்பொழுது, ஒற்றிக்காரனின் பேரன், "இஃது எங்கள் சொந்தக் காணி" என்பான். காணி ஈடுகள் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. பத்தாண்டு எதிராட்சி உரித்தாகும் என 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் கூறிற்று. ஒற்றிக்காரனோ உடையவனின் உரித்தை ஒப்புக்கொண்டே காணியில் இருப்பவன். எனவே ஆண்டுகள் கழிந்தமையால் மட்டும் அவன் உடையவனாகான். இக்கோட்பாடு நிற்க, உறுதி தொலைந்த குடும்பம் தன் கட்சியை எங்ஙனம் நிறுவும்? வழக்கின் வேதனை அங்கேதான் இருந்தது.

இனி, முன்வாங்கும் உரிமை. காணியை விற்க எண்ணுபவன் முதலில் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், காணியை ஈடாகப் பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பது பழைய வழமை. அயலவனாய் இருப்பதே போதுமா, அவன் ஈடும் பிடித்திருக்க வேண்டுமா? ஒரு தொடரின் பொருள் இவ்வாறு வாதத்துக்கு இடமாயிற்று.

அறிவித்தல் எவ்வாறு நிகழ்ந்தது? ஒல்லாந்தர், விற்பனையை அடுத்தடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோவிற்பற்றுத் தேவாலயத்தில் வெளிப்படுத்துமாறு விதித்தனர். சைவராகிய நம்மவர் தம் முதுசொத்தின் செய்தியைத் தேவாலயத்திற் கேட்கவேண்டியிருந்தமை காலத்தின் கோலமே. எனினும் செய்தி ஊரறிந்தது என்பதையும் நாம் மறுத்தலாகாது. பிற்காலத்தில் அம்முறை மறைந்தபின், "தகுந்த அறிவித்தல் கிடைத்ததா?" என்பதே வழக்கின் உயிர்நாடியாயிற்று. பங்காளன் அறிந்தும் வாளாவிருந்தான் என்பான் விற்றவன். உறுதி முடிந்தபின்பே அறிந்தேன் என்பான் பங்காளன். இருவரும் ஒரு முற்றத்தில் விளையாடி வளர்ந்தவர்கள்! உறவைக் காக்க எழுந்த உரிமையே உறவைப் பிரிக்கும் வாளாயிற்று.

1947 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்கச் சட்டம் இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றது. உரிமை கூட்டுடைமையாளருக்கும், விற்பவனின் மரணசாதனமற்ற நிலையில் உரித்தாளராகக் கூடியவருக்கும் மட்டுமே என வரையறுத்தது. அயலவனும் ஒற்றிக்காரனும் நீங்கினர். அறிவித்தல் நொத்தாரிசு வழியாயிற்று.

இன்று பங்காளருள் ஒருவர் கொழும்பிலும், ஒருவர் கனடாவிலும், ஒருவர் ஊரிலும் வாழ்கின்றனர். போரிலும் இடப்பெயர்விலும் உறுதிகளை இழந்த குடும்பங்கள் பல. ஆகவே சங்கத்து இளைஞராகிய நாம் செய்யத்தக்கவை இரண்டு. முதியோர் நம்மிடையே இருக்கும்போதே காணியின் எல்லை, பங்கு, ஒற்றி விபரங்களைக் கேட்டு எழுதிவைப்போம். விற்பனை நேரின், நொத்தாரிசின் அறிவித்தலுக்கு முன்னரே உடன்பிறந்தாருக்கு நம் வாயாற் சொல்லுவோம். சட்டம் கேட்பது அறிவித்தலை. வழமை கேட்டது அன்பை. இரண்டையும் பேணுதல் நம் கடன்.