எச்பிவி தடுப்பூசி: 'ஒரு டோஸ் போதும்'னு சொல்றாங்களே... எச்ஐவி உள்ள பெண்களுக்கும் அதேதானா?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி ஒரே டோஸ் போதும் என்ற தகவல் வாட்ஸ்அப்பில் நிறைய சுத்துது. தகவல் தப்பில்லை. 9 முதல் 20 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு டோஸ் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொன்னது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கு. எச்ஐவியுடன் வாழ்பவர்களுக்கு எந்த வயதாக இருந்தாலும் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று டோஸ் போடணும். இந்த வரி மட்டும் ஃபார்வர்ட் ஆகிறதே இல்லை.

இது யாருக்கு முக்கியம்?

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்ஐவி பரவுவதைத் தடுக்கும் சிகிச்சை பரவலாவதற்கு முன்பு, பிறப்பிலேயே தொற்றுடன் வந்த குழந்தைகள் பலர். 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் இலவச ஏஆர்டி மாத்திரை தொடங்கிய பிறகு, அவர்களில் நிறைய பேர் நல்லபடியா வளர்ந்து இப்போ இருபதுகளில் இருக்காங்க. படிக்கிறாங்க, வேலைக்குப் போறாங்க. திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் மாதிரி இடங்களில் ஷிப்ட் பார்க்கும் இளம்பெண்களிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். பக்கத்து மெஷினில் நிற்பவருக்குக்கூட தெரிந்திருக்காது, தெரியணும்னு அவசியமும் இல்லை.

ஆபத்து ஏன் அதிகம்?

எச்பிவி உடலுறவு மூலம் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே அதை விரட்டிடும். எச்ஐவி இருந்தால் எதிர்ப்பு சக்தி குறைவதால் வைரஸ் அங்கேயே தங்கிவிட வாய்ப்பு அதிகம். மற்ற பெண்களை விட இவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 6 மடங்கு. வேகமும் அதிகம்: வழக்கமா 15 முதல் 20 வருஷம் எடுக்கும் நோய், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு 5 முதல் 10 வருஷத்தில் வரலாம். இந்தியாவில் 2022-ல் மட்டும் இந்தப் புற்றுநோயால் சுமார் 80 ஆயிரம் பெண்கள் இறந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கெடுப்பு சொல்கிறது.

ஒரு கொசுறு தகவல்: எச்பிவிக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹாசனும், எச்ஐவியைக் கண்டுபிடித்த இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகளும் 2008-ல் மருத்துவ நோபலை ஒன்றாகவே பகிர்ந்துகொண்டார்கள்.

போட்டா ஆபத்தா?

இல்லை. இதில் உயிருள்ள வைரஸ் கிடையாது, வைரஸின் வெளி ஓடு மாதிரியான புரதம்தான். அதனால் தொற்று வராது. ஏஆர்டி மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. சிடி4 எண்ணிக்கை குறைவா இருந்தால் தடுப்பூசிக்கு உடம்பு காட்டும் எதிர்வினையும் குறையலாம். கூடுதல் டோஸ் கேட்பதற்குக் காரணமே அதுதான். திருமணமானவர்களும் போடலாம். பலன் கொஞ்சம் குறையுமே தவிர, வீண் இல்லை.

சீரம் நிறுவனத்தின் 'செர்வாவாக்' 9 முதல் 26 வயதுக்கு அனுமதி பெற்றது. மூன்று டோஸ் என்றால் முதல் ஊசி, 2-வது மாதம், 6-வது மாதம். ஷிப்ட் மாறி ஒரு தேதி தவறிப்போனா மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட டோஸைப் போட்டால் போதும்.

சிக்கல் எங்கே?

2025-26 தமிழக பட்ஜெட்டில் 14 வயது சிறுமிகளுக்கு இந்தத் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம்தான். ஆனால் 22 வயதில் கம்பெனி வேலைக்குப் போகும் பெண் அந்த வயது வரம்புக்குள் வர மாட்டார். தனியாரில் போட்டால் மூன்று டோஸுக்கும் சேர்த்து ஆயிரக்கணக்கில் ஆகும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது சின்னத் தொகை இல்லை.

14 வயதில் எச்ஐவியுடன் இருக்கும் சிறுமிக்கு வேறு சிக்கல். முகாமில் எல்லோருக்கும் போடும் அளவோடு நின்றுவிட்டால் அவருக்குப் போதாது. மீதி டோஸை எல்லோர் முன்னாலும் கேட்கவும் முடியாது. கேட்க வேண்டிய இடம் பள்ளி இல்லை, மாத்திரை வாங்கும் ஏஆர்டி மையம். அங்குள்ள டாக்டரோ ஆலோசகரோ வழிகாட்டலாம். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கும் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி, ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது. வேலை கொடுப்பதற்கு எச்ஐவி பரிசோதனை கேட்பதும் தப்பு. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் இதற்கென ஒரு புகார் அலுவலரை வைத்திருக்கணும். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் பேசலாம்.

ஊசி போட்டாச்சு, டெஸ்ட் வேணுமா?

வேணும். எல்லா வகை எச்பிவியையும் ஊசி தடுக்காது. அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை பொதுவா 30 வயதிலிருந்துதான். ஆனால் எச்ஐவி உள்ள பெண்கள் 25 வயதிலேயே தொடங்கணும், எச்பிவி டிஎன்ஏ பரிசோதனை என்றால் 3 முதல் 5 வருஷத்துக்கு ஒருமுறை செய்யணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'உனக்கு இன்னும் வயசாகலையேம்மா'ன்னு திருப்பி அனுப்பினால், ஏஆர்டி மையத்தில் பரிந்துரைச் சீட்டு கேளுங்க. உறவுக்குப் பிறகு ரத்தம், மாதவிடாய்க்கு நடுவே ரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால் வயசு பார்க்காமல் உடனே போகணும்.

கர்ப்பமா இருந்தால் ஊசியைப் பிரசவம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். தாய்ப்பால் கொடுக்கும்போது தாராளமா போட்டுக்கலாம்.