ரங்கூன் பிணவறையில் பிடிபட்ட கிருமி

1911-ல் ரங்கூனில் நோயியல் மருத்துவர் ஆல்ஃபிரட் விட்மோர் அறுத்துப் பார்த்த சில உடல்கள், மார்ஃபின் ஊசிக்கு அடிமையாகித் தெருவில் கிடந்த ஏழைகளுடையவை. நுரையீரல் பாலாடைக்கட்டிபோல் இறுகியிருந்தது. கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகள். பார்த்தால் குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ். ஆனால் கல்ச்சரில் வளர்ந்த கிருமி அதைவிட வேகமாக வளர்ந்தது, நீந்தவும் செய்தது. கிளாண்டர்ஸ் கிருமி நீந்தாது. புதிய நோய் என்று அறிவித்த 1912-ஆம் வருடக் கட்டுரையில் இரண்டு பெயர்கள்: விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசுவாமி. நோய்க்கு மட்டும் ‘விட்மோர் நோய்’ என்றே பெயர் நின்றது. ஆயுள் முழுக்க லேப் மேசை முன் நின்றவன் நான். என் கண் அந்த இரண்டாவது பெயரில்தான் போய் நிற்கும்.

கோலாலம்பூரில் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் 1921-ல் இதை மெலியாய்டோசிஸ் என்றார்கள். கிருமியின் குடும்பம்தான் நிலைக்கவில்லை. பாசில்லஸ், மாலியோமைசிஸ், சூடோமோனாஸ் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. 1973-ல் பல்லெரோனி குழு ரைபோசோம் ஆர்.என்.ஏ.-வை ஒப்பிட்டு சூடோமோனாஸ் கூட்டத்தையே ஐந்தாகப் பிரித்தது. அந்த வழியில் 1992-ல் ஜப்பானின் யாபுஉச்சி குழு இதை பர்க்ஹோல்டேரியா என்ற புதுப் பேரினத்தில் சேர்த்தது. வெங்காயத்தை அழுகவைக்கும் கிருமியும் அதே வீட்டில்தான்!

வேடிக்கை பிறகு வந்தது. 2003-ல் ஏழு மரபணுக்களை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, கிளாண்டர்ஸ் கிருமி இதிலிருந்து பிரிந்த ஒரு கிளை என்று தெரிந்தது. ‘சூடோமாலியை’, அதாவது போலி கிளாண்டர்ஸ் கிருமி, என்று பெயர் வாங்கியதுதான் மூலம். 2004-ல் முழு மரபுத்தொகுதிகளும் வெளிவந்தன: மண்ணில் வாழும் இந்தக் கிருமிக்குச் சுமார் 72 லட்சம் எழுத்துகள், கிளாண்டர்ஸுக்கு ஏறத்தாழ 58 லட்சம். விலங்கின் உடலோடு ஒடுங்கிவிட்டதில் மண்ணில் பிழைக்கத் தேவைப்பட்ட பலவும் உதிர்ந்துபோயின. நீச்சலும் அதில் போயிற்று.

வரிசைப்படுத்தும் இயந்திரம் எல்லா ஊரிலும் இல்லை. மழைக்காலம், வயலில் வேலை செய்யும் சர்க்கரை நோயாளி, ஆறாத சீழ். பிளேட்டில் ஆக்சிடேஸ் பாசிட்டிவாக ஏதோ வளரும். ‘சூடோமோனாஸ்’ என்று எழுதி அனுப்பிவிடுவது சுலபம். ஜென்டாமைசினும் கொலிஸ்டினும் பலிக்காமல் கோ-அமாக்ஸிக்ளாவ் டிஸ்க்கைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம் விழுந்தால், நான் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். ஸ்டெயின் செய்து பார்ப்பேன். இரு முனையும் கறுத்து ஊக்குபோல் தெரியும். சில நாட்கள் விட்டால் காலனி சுருங்கி மடிப்பு விழும். உடனே வார்டுக்குப் போன் போடவேண்டும்: ஊசி குறைந்தது பத்து நாள், அதன்பின் மாத்திரை மூன்று மாதமாவது.