சிரட்டைக் கோப்பைகள்

மாறுவேடப் போட்டிக்குக் கோப்பையைக் கடையில் வாங்கும் வழக்கம் எங்கள் மீனாட்சிபுரம் பக்கத்துக்கு ரொம்பப் பிந்தித்தான் வந்தது. அதற்கு முன்பு முதல் பரிசு எவர்சில்வர் தட்டு, இரண்டாவது டம்ளர், மூன்றாவது சோப்பு டப்பா. வீட்டுக்கு ஆகிற சாமான்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டபொம்மனாக வந்து மேடை அதிர வசனம் பேசிய பையன் கையில் சோப்பு டப்பாவைக் கொடுத்தால் அவன் முகம் எப்படிப் போகும்! அதனால்தான் ஆண்டு விழாவுக்குக் கோப்பையை நாங்களே செய்ய ஆரம்பித்தோம். இந்தக் கேரள–தமிழ்நாடு எல்லையோரத்தில் கைவேலை டீச்சராக இருந்தவள் நான்.

எங்களுக்குப் பரீட்சையும் விதிமுறையும் பாலக்காடு, சந்தை பொள்ளாச்சி. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. ஆகவே கோப்பையின் உடம்பு சிரட்டை. கண் இருக்கும் பாதி உதவாது, மற்றதைத்தான் எடுக்க வேண்டும். உடைந்த கண்ணாடித் துண்டால் நாரைச் சுரண்டி, முரட்டு உப்புத்தாள், பிறகு நைசான உப்புத்தாள் என்று மாற்றி மாற்றித் தேய்த்து, கடைசியில் துணியில் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கறுப்பு மினுங்கும். தண்டுக்குத் தையல்கடையில் நூல் தீர்ந்த மரக்கட்டை. கைப்பிடி வைக்கும் எண்ணமே எனக்கு இல்லை. பக்கத்து ஆசாரிதான், “காது வைக்க வேண்டாமுங்களா டீச்சர்? காதில்லாமக் கப்புன்னு யாரு நம்புவாங்க?” என்று சைக்கிள் போக்ஸை வளைத்துக் கொடுத்தார்.

பீடத்துக்குத் தேயிலைப் பெட்டி. நெல்லியாம்பதி, வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து தேயிலை அப்போதெல்லாம் பிளைவுட் பெட்டியில்தான் இறங்கும். ஈரம் ஏறாமலிருக்க உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும். ஒரு காலிப் பெட்டி வாங்கினால் பலகையும் ஆயிற்று, வெள்ளித்தாளும் ஆயிற்று. தேயிலை காகிதச் சாக்குக்கு மாறியதும் எங்கள் வெள்ளி நின்றுபோனது. அப்புறம் ஜிகினாவும் தெர்மகோலும். கோப்பையைக் கையில் எடுத்தாலே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடலாம். முடிவு தெரிந்த பிறகுதான் பீடத்தில் பெயர் எழுதுவோம், தீக்குச்சியை வெள்ளைப் பெயிண்டில் தொட்டு. அது காய்வதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். பரிசு வாங்கிய பிள்ளைகள் எல்லாருக்கும் கட்டைவிரலில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

வேஷம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சித்தூர், ஆலத்தூர் தாலுகாக்களின் பகவதி கோயில்களில் நடக்கும் கண்யார்களியில் ‘புறாட்டு’ என்று ஒரு பகுதி உண்டு. குறவன் குறத்தி என்று விதவிதமான வேஷம் கட்டி வருவார்கள். பாட்டில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். பாணர்கள் ஆடும் பொறாட்டு நாடகத்திலும் அதே கலப்பு. இதிலெல்லாம் முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. வேஷத்துக்கு மார்க் போடுகிற வேலை பள்ளிக்கூடத்தோடு வந்தது. 1956 நவம்பரில் கேரள மாநிலம் பிறந்தது; 1957 ஜனவரியிலேயே எர்ணாகுளத்தில் பள்ளிக் கலைவிழாவான முதல் கலோற்சவத்தை நடத்திவிட்டார்கள். பின்னால் கவிஞர் வைலோப்பிள்ளி ஸ்ரீதர மேனோன் சொன்ன யோசனையில், எண்பதுகளில் 117.5 பவுனில் தங்கக் கோப்பை வந்தது. கிட்டத்தட்ட 940 கிராம்! புத்தகத்தின் மேல் வளையணிந்த கை, அந்தக் கையில் வலம்புரிச் சங்கு. 2019-ல் காஞ்ஞங்காட்டில் பாலக்காடு 951 புள்ளி எடுத்து அதை வென்றபோது கோழிக்கோடும் கண்ணூரும் 949-ல் நின்றன. இரண்டே புள்ளி. அன்று எங்கள் தெருவிலும் வெடி வெடித்தார்கள்.

தங்கமாக இருந்தால்தான் மதிப்பு என்று சொல்வதற்கில்லை. கிரிக்கெட்டில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிக்கொள்ளும் ஆஷஸ் கலசம், 1882–83 ஆஸ்திரேலியப் பயணத்தில் விளையாட்டாக ஆங்கிலக் கேப்டனுக்குக் கொடுத்த சுடுமண் ஜாடிதான். உயரம் சுமார் 11 சென்டிமீட்டர். எனக்குப் பிடித்தது ஆலப்புழைக் கோப்பை. 1952-ல் சுண்டன் வள்ளப் படகுப் போட்டியைப் பார்த்துப் பூரித்துப்போன நேரு, வெள்ளியில் ஒரு சுண்டன் வள்ளமே செய்து மரப்பீடத்தில் வைத்து அனுப்பினார். ஓடியது எதுவோ அதுவே பரிசு.

அமெரிக்காவில் இருக்கும் என் மகள் போன அக்டோபரில் போன் செய்தாள். 31-ஆம் தேதி ஹாலோவீன், குடியிருப்பில் வேஷப் போட்டி, கோப்பைகளை வீட்டிலேயே செய்கிறார்களாம், “அம்மா, அந்தச் சிரட்டைக் கப்பு எப்படிச் செய்வீங்க?” அந்தப் பண்டிகையே கையில் கிடைத்ததை வைத்துச் சமாளித்த கதைதான். அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் அமெரிக்காவுக்குப் போய்ப் பூசணிக்கு மாறினார்கள். தங்கநிற ஸ்பிரே அடிக்கலாமா என்று கேட்டாள். சிரட்டையின் கறுப்பை மறைக்காதே என்றேன். அடித்துவிட்டாள், போட்டோவில் பார்த்தேன்.

இங்கே இப்போது சிரட்டையையே எடை போட்டு வாங்கிப் போகிறார்கள், கரி சுட. பள்ளிகளுக்குப் பொள்ளாச்சியிலிருந்து பிளாஸ்டிக் கப்பு அட்டைப்பெட்டியோடு வந்து இறங்குகிறது. சிரட்டை வேலை, பள்ளிப் பிள்ளைகளின் கைவேலைத் திருவிழாவான பிரவர்த்தி பரிசய மேளாவில் ஒரு போட்டி இனமாக மிஞ்சியிருக்கிறது. ஒரு வருஷம் ஐந்தாம் வகுப்புப் பெண் அங்கேயே உட்கார்ந்து அழகான கோப்பை ஒன்று செய்தாள். சைக்கிள் போக்ஸ் காதோடு. அவளுக்குச் சர்டிபிகேட் தந்தார்கள், கோப்பையைக் காட்சிக்கென்று மேசையில் வைத்துக்கொண்டார்கள். அதையே மேடையில் வைத்து அவளுக்குப் பரிசாகக் கொடுத்தால் என்ன என்று நடுவரைக் கேட்டேன். விதிமுறையில் அப்படி இல்லையாம்.