உம்மா இல்லாத அல்பம்: கலியாணக் கெமராவின் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

எம்மிடம் படித்த மாணவி ஒருவர் போன கிழமை வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். இப்போது அவர் இரண்டு பிள்ளைகளின் தாய். "சேர், கலியாண வீடுகளில் பொம்பிளைகளின் பக்கம் போட்டோ எடுக்கிற தொழிலைத் தொடங்கலாம் என்று யோசிக்கிறேன். கையில் பெரிய காசு இல்லை. என்ன கெமரா, என்ன லென்ஸ் வாங்கலாம்?"

நாலு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைப் பார்த்ததும் அலுமாரியைத் திறந்து எமது உம்மா வாப்பாவின் கலியாண அல்பத்தை எடுத்துப் பார்த்தோம். 1979ஆம் ஆண்டுக் கலியாணம். 22 கறுப்பு வெள்ளைப் படங்கள். வாப்பா மாலையோடு வருகிறார். பள்ளிவாசலில் நிகாஹ் நடக்கிறது. சஹனைச் சுற்றி உட்கார்ந்து பெரியவர்கள் சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுச் சிறுவர்கள் கெமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். 22 படங்களில் ஒன்றில்கூட உம்மா இல்லை. ஒரு படத்தில் மட்டும் யன்னல் திரையைப் பிடித்தபடி ஒரு கை தெரிகிறது. "அது என்ட கை இல்ல மகன், மாமிட கை" என்பார் உம்மா.

எமது உம்மம்மாவின் நிலை இன்னும் மோசம். அவரது முகம் பதிந்த ஒரேயொரு படம் தேசிய அடையாள அட்டையில் இருந்த படம்தான். நமது நாட்டில் 1968இல் ஆட்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது, 1972இல் அடையாள அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அந்த அட்டைக்காகத்தான் எத்தனையோ மூத்தம்மாமார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கலியாணத்துக்கு எடுக்காத படத்தை அரசாங்கத்துக்காக எடுத்தார்கள்.

ஏன் அப்படி? "மார்க்கம் தடுத்தது" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஒளிப்படம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது உண்மை. எகிப்தின் முப்தியாக இருந்த ஷேக் முஹம்மது பகீத் அல்-முதீஈ, ஒளிப்படம் என்பது நிழலைப் பிடித்து வைப்பது மட்டுமே என்று வாதிட்டு ஒரு சிறு நூலே எழுதினார். அதை ஏற்காத உலமாக்களும் இருந்தார்கள். நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை, அதற்கு உரியவர்களிடம் கேளுங்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருந்தது. அது கெமராவின் வரலாற்றுக்குள்ளேயே கிடக்கிறது.

*மூன்றாவது கை*

கெமராவின் கதையைப் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதமிடமிருந்து தொடங்குவது நமது வழக்கம். ஆயிரம் வருடங்களுக்கு முன்னர், இருட்டறைக்குள் சிறு துளை வழியாக வரும் ஒளி வெளியிலுள்ள பொருளின் உருவத்தைச் சுவரில் விழுத்துவதை அவர் ஆராய்ந்தார். ஆனால் அந்த உருவம் நிலைக்கவில்லை. ஒளி போனதும் அதுவும் போனது. அதை நிலைக்க வைக்கும் முறை பிரான்ஸில் 1839இல் பகிரங்கமானது. 1890இல் கொழும்பில் பிளாட்டே ஸ்டூடியோ தொடங்கப்பட்டபோது வசதியுள்ளவர்கள் அங்கே போய்ப் படம் எடுக்கும் காலம் வந்துவிட்டது.

நமக்கு முக்கியமான ஆண்டு 1888. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் 25 டொலருக்குக் கொடக் கெமராவை விற்கத் தொடங்கினார். அதற்குள் 100 படங்களுக்கான சுருள் இருக்கும். முடிந்ததும் கெமராவை அப்படியே கொம்பனிக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கழுவி, பிரிண்ட் போட்டு, புதிய சுருளும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். படம் எடுப்பது எல்லோருக்கும் இலகுவானது. ஆனால் அன்றிலிருந்து எடுப்பவருக்கும் எடுக்கப்படுபவருக்கும் இடையில் முன்பின் தெரியாத ஒரு மூன்றாவது கை வந்து சேர்ந்தது.

நூறு வருடங்கள் கழித்தும் நமது ஊரில் அதே நிலைமைதான். 36 படங்களுக்கான பிலிம் றோல் முடிந்ததும் பஸ்ஸில் டவுனுக்குப் போகும். கழுவுகிறவர் பார்ப்பார், பிரிண்ட் போடுகிறவர் பார்ப்பார், கவரில் போடும் பொடியனும் பார்ப்பான். நெகடிவ் யாரிடம் இருக்கும் என்று எவருக்கும் தெரியாது. நமது பெண்கள் கெமராவுக்கு மட்டும் பயப்படவில்லை, அந்தக் கைகளுக்கும் பயந்தார்கள். கலியாண வீட்டில் அலங்காரத்தோடு, தலை மூடாமல், தன் சொந்தக்காரப் பெண்களோடு இருக்கும் ஒரு பெண் வேறு எப்படி யோசிப்பாள்? அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது.

அதன் விலையையும் நாம்தான் கொடுத்தோம். நமது கிழக்கு வழக்கப்படி மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்கு வருகிறார். கலியாணத்தின் பாதி பெண்களின் பக்கத்தில்தான் நடக்கிறது. மருதாணி, கூறைச்சாரி, குரவை, மாமிமாரின் பகிடி எல்லாம் அங்கேதான். அந்தப் பாதிக்குப் படமே இல்லை. எடுத்த படங்களிலும் பலவற்றை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டு போனது. அதற்கு முன்னரே, 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நமது சகோதரர்கள் அல்பங்களையும் விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ஒரு சமூகத்தின் படங்கள் எவ்வளவு இலகுவாக இல்லாமல் போகும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை.

*அந்தக் கை விலகிய விதம்*

1975இல் கொடக் கொம்பனியின் இளம் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் பிலிம் இல்லாத கெமரா ஒன்றைச் செய்தார். எடை மூன்றரைக் கிலோவுக்கு மேல். ஒரு படத்தைக் கசெட்டில் பதிய 23 விநாடிகள் எடுத்தது. ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்குதான் அதன் நுணுக்கம். பிலிம் விற்று வாழ்ந்த கொம்பனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2012இல் அதே கொம்பனி வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

1995இல் கசியோ கியூவி-10 வந்தது. பின்பக்கத்தில் சிறு திரை. எடுத்த படத்தை அந்த இடத்திலேயே பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அழிக்கலாம். பொண்ணு தன் படத்தைத் தானே முதலில் பார்த்து, "இது வேண்டாம்" என்று சொல்லக்கூடிய காலம் அதோடுதான் பிறந்தது. 2003இல் கெனன் ஈஓஎஸ் 300டி வெளிவந்தது. லென்ஸ் மாற்றக்கூடிய டிஜிட்டல் கெமரா ஒன்று ஆயிரம் டொலருக்குக் கீழ் விற்பனைக்கு வந்தது அப்போதுதான். பொடி மட்டும் 899 டொலர். அதன் பிறகு ஊர் ஸ்டூடியோக்களும் ஒவ்வொன்றாக மாறின.

மூன்றாவது கை விலகியது. ஆனால் அந்த இடத்துக்கு மூவாயிரம் கைகள் வந்தன. போனும் வட்ஸ்அப்பும் வந்த பிறகு பொண்ணின் படம் வலீமா முடியும் முன்னரே சவூதிக்கும் கட்டாருக்கும் போய்விடுகிறது. அப்படிப் போன ஒரு படத்தால் அழுத ஒரு குடும்பத்தை நாம் அறிவோம். அதனால் பல வீடுகளில் பெண்கள் பக்கம் மறுபடியும் கெமராவுக்குத் தடை. எமது மாணவியின் கேள்வி பெறுமதியானது என்பது இதனால்தான். பொறுப்புள்ள ஒரு பெண்ணின் கையில் ஒரு கெமரா இருந்தால் அந்தப் பாதிக்கும் படம் கிடைக்கும். எந்தக் கெமரா என்பதையும் இந்த வரலாற்றை வைத்தே சொல்லலாம்.

*மகளே, இனி உங்கள் கேள்விக்கு வருவோம்*

முதலில் லென்ஸ். காசில் பெரிய பங்கை அதற்கு ஒதுக்குங்கள். கெமராவோடு வரும் 18-55 லென்ஸ் பகல் வெளிச்சத்துக்குப் போதும். ஆனால் நமது பெண்கள் பக்கம் இரவில், சின்ன அறையில், டியூப் லைட்டில் நடக்கிறது. அந்த லென்ஸை நீட்டினால் துவாரம் எப் 5.6 வரைதான் திறக்கும். எப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும். கெனன், நிக்கொன் இரண்டிலும் விலை குறைந்த 50 மில்லிமீற்றர் எப் 1.8 லென்ஸ் உண்டு. ஆனால் சாதாரண விலைக் கெமராக்களின் சென்சர் சிறியது. அதில் 50 போட்டால் அறை மூலைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாலும் நாலு பேரைக்கூட ஒன்றாக எடுப்பது கஷ்டம். எனவே முதல் லென்ஸ் 35 மில்லிமீற்றர். நிக்கொனில் சிறிய சென்சருக்கென்றே 35 எப் 1.8 உண்டு, 2009இல் வந்தது. பொண்ணின் முகத்தை மட்டும் எடுக்க 50ஐப் பிறகு வாங்கலாம்.

இரண்டாவது, பொடி. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனதிலிருந்து புதுக் கெமரா நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஆனால் தொழில் செய்கிறவர்கள் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கெமராக்களுக்கு மாறியதால் பழைய நல்ல கெமராக்கள் கைமாறுகின்றன. நிக்கொன் டி7100 (2013), டி7200 (2015) இரண்டிலும் இரண்டு மெமரி கார்ட் போடலாம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று பழுதானால் மற்றது இருக்கும். கலியாணத்தைத் திரும்ப நடத்த முடியாது, ஆகவே இது ஆடம்பரமில்லை. கெனன் 700டி நல்ல கெமராதான், ஆனால் ஒரு கார்ட் மட்டும்தான். இன்னொன்று, நிக்கொன் 3000, 5000 வரிசைக் கெமராக்களுக்குள் போகஸ் மோட்டர் கிடையாது. பழைய 'டி' வகை லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால் அவற்றில் கையால்தான் போகஸ் பண்ண வேண்டும்.

மூன்றாவது, பாவித்த சாமான் வாங்கும் முறை. இதுவரை எத்தனை தடவை ஷட்டர் அடித்திருக்கிறது என்று கேளுங்கள். டி7200இன் ஷட்டர் ஒன்றரை இலட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. லென்ஸின் ஒரு பக்கத்தில் டோர்ச் அடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல் ஏதும் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்காதீர்கள். நமது கடற்கரைக் காற்றில் நல்ல லென்ஸுக்கும் அது பிடிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

நான்காவது, வெளிச்சம். ஷட்டர் வேகத்தை நூறில் ஒரு விநாடியில் வைத்துப் பழகுங்கள். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கிறது. வேகத்தைக் கூட்டினால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரலாம். பிளாஷ் வாங்கினால் முகத்துக்கு நேரே அடிக்காமல் வெள்ளைச் சீலிங்கில் பட்டுத் திரும்பும்படி அடியுங்கள். மேலே பச்சைத் துணி கட்டிய பந்தலில் அப்படிச் செய்யக் கூடாது, பொண்ணின் முகமும் பச்சையாகிவிடும்.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கார்டை போர்மட் பண்ணினால் படம் அழிந்துவிட்டதென்று நினைக்காதீர்கள். மேலே வேறு படம் பதியும் வரை மென்பொருளால் மீட்டெடுக்க முடியும். கலியாணம் எடுத்த கார்டை இரவல் கொடுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். லெப்டொப்பைத் திருத்தக் கொடுக்கும் முன் படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். போனுக்குப் படத்தை மாற்றினால் அது தானாக இணையத்துக்கு ஏறாதபடி நிறுத்தி வையுங்கள். பொண்ணும் அவள் உம்மாவும் பார்த்துச் சம்மதித்த படங்களை மட்டும் பிரிண்ட் போடுங்கள். பிரிண்டரையும் உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடிந்தால் மூன்றாவது கை முற்றாகப் போய்விடும். எத்தனை நாளில் உங்கள் பிரதியை அழிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். படம் ஒரு அமானிதம். உங்கள் தொழிலின் பெயர் கெமராவால் வராது, இதனால்தான் வரும்.

கலியாண வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. பென் டிரைவை வாங்கி லாச்சியில் போட்டுவிடாதீர்கள். பழுதானால் அதற்குள் இருப்பதெல்லாம் ஒரே நாளில் போய்விடும். முப்பது படங்களையாவது பிரிண்ட் போட்டு அல்பமாக்குங்கள். ஒரு பிரதியைக் கடலிலிருந்து தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். இந்தப் பாடத்தை நாம் 2004இல் படித்துவிட்டோம்.

பதிலை எழுதி முடித்ததும் உம்மாவிடம் கேட்டோம்: "அந்தக் காலத்தில் பொம்பிளை ஒருத்தி வந்து படம் எடுத்திருந்தால் நின்றிருப்பீங்களா?"

உம்மா அல்பத்தை மூடிவிட்டுச் சொன்னார்: "நிண்டிருப்பன். உம்மாவையும் இழுத்து வெச்சிருப்பன்."

மகளே, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். அல்லாஹ் உங்கள் தொழிலில் பரக்கத் செய்யட்டும்.

வஸ்ஸலாம்.