படுக்கைக் கணக்கும் சாவிக் கணக்கும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 17.7 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிந்தது. 2001ஐ ஒப்பிட்டால் மொத்தத் தொகை குறைவுதான்; நகரங்களில் மட்டும் 7.8 லட்சம் 9.4 லட்சமாக ஏறியிருந்தது. இதற்கு நாம் கண்ட விடை காப்பகம். நகர மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒன்று என உச்ச நீதிமன்றம் 2010இல் வலியுறுத்தியது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் ஆளுக்கு 50 சதுர அடி என்று அளவும் வகுத்தது. மழையில் நனைபவருக்குக் கூரை தருவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் படுக்கைகளை எண்ணும் கணக்கில், அங்கிருந்து எத்தனை பேர் கையில் வீட்டுச் சாவியோடு வெளியேறினார்கள் என்பது விழாது. சமூகப் பணியின் பயனை அந்தச் சாவிக் கணக்கில்தான் பார்க்க வேண்டும் என்பது என் வாதம்.

வீடற்றோருக்கு வீடு தருவதில் பழைய முறை படிக்கட்டு முறை. குடியை விடு, மருந்தைச் சாப்பிடு, வேலை தேடு, பிறகு வீடு. படியில் ஒருமுறை சறுக்கினால் மறுபடி தெருதான். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் இதைத் தலைகீழாக்கினார்: முதலில் வீடு, மற்றதெல்லாம் வீட்டுக்குள் இருந்துகொண்டு. பின்லாந்து 2008இல் இதையே அரசுக் கொள்கையாக்கியது. ஹெல்சின்கியில் 1985இல் 2,121 விடுதிப் படுக்கைகள் இருந்தன. 2016இல் எஞ்சியவை 52. விடுதிகளை இழுத்து மூடி ஆட்களை வெளியேற்றியதால் வந்த எண்ணல்ல இது. ஆல்ப்பிகாட்டு தெருவில் இரட்சணிய சேனை நடத்திய பெரிய விடுதி, 80 தனி வீடுகளாக மாற்றிக் கட்டப்பட்டது. நேற்றுவரை கட்டில் எண்ணால் அறியப்பட்டவர் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட குடித்தனக்காரர் ஆனார். பணியாளர்கள் அதே கட்டடத்தில் தொடர்ந்தார்கள்.

இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். வீடு மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குக் சென்னையின் ஓரத்தில் உள்ள மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தால் போதும். சுவரும் கதவும் கிடைத்தன. வீட்டு வேலையும் சுமைக்கூலியும் நகரின் நடுவிலேயே நின்றுவிட்டன. பேருந்துச் செலவு கூலியைத் தின்றது.

மறுகோடியில், சென்னையில் 1993இல் தொடங்கிய 'தி பான்யன்' நிறுவனத்தின் அனுபவம். மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களுக்கான அதன் காப்பகத்தில் சிகிச்சை முடிந்து பலர் குடும்பத்துக்குத் திரும்பினர். திரும்ப இடமில்லாத சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கினர். 2015இல் அவர்களுக்காக 'ஹோம் அகெய்ன்' திட்டம் வந்தது. சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு, நாலைந்து பேர் ஒரு குடித்தனம், தேவைப்படும் அளவுக்கு உடனிருக்கும் ஒரு பணியாளர். இன்று சாம்பாரா ரசமா என்பதை அவர்களே முடிவு செய்யலாம். கதவை உள்ளிருந்து தாழிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட சமூக மனநல வழிகாட்டுதலில் இதுவும் ஒரு முன்மாதிரி.

இதில் சமூகப் பணியாளர் செய்வது என்ன? ஆலோசனை என்றுதான் பாடநூல் தொடங்கும். நடைமுறையில் அது முகவரியில் தொடங்குகிறது. ரேஷன் கார்டுக்கு முகவரி வேண்டும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்காரரோ முதலில் ஆதாரைக் காட்டச் சொல்வார், கையோடு பத்து மாத அட்வான்ஸும் கேட்பார். சென்னை ஜார்ஜ் டவுன் நடைபாதையில் தலைமுறையாக வாழும் குடும்பம் இந்த வட்டத்தைத் தானாக உடைப்பது அரிது. பணியாளர் பேச வேண்டியது வீட்டுக்காரரிடமும், "யாரைக் கொண்டுவந்து வைக்கிறீர்கள்" என்று கேட்கும் பக்கத்து வீட்டாரிடமும்தான். சாவி கொடுத்த மறுநாளும் அவர் வர வேண்டும். நமது திட்டங்களில் இந்த மறுநாள் வருகைக்குச் சம்பளம் ஒதுக்குவதுதான் கடினம். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, வருகைக்கு இல்லை.

வீடு தந்தபின்னும் உதவி தொடர வேண்டும் என்பதைப் பின்லாந்தும் நினைவூட்டுகிறது; அதை அற்புதமாகக் காட்டுவோர் ஒரு செய்தியை விட்டுவிடுகிறார்கள். அங்கே 2023இல் 3,429 ஆக இருந்த வீடற்றோர் எண்ணிக்கை, வாடகை உதவித்தொகை வெட்டப்பட்ட 2024இல் 3,806 ஆக உயர்ந்தது.