வீட்டுச் சேவை இணைப்புகள் (கொழும்பு)

வீட்டுச் சேவை இணைப்புகள்: பொது வழங்கல் வலையமைப்பிலிருந்து மின்சாரம், குடிநீர் ஆகியவற்றை ஒரு மனைக்குக் கொணர்ந்து, அதன் கழிவுநீரை வெளியேற்றும் அமைப்புகள்.

மின்சாரம்: ஒருகட்ட இணைப்பு 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், முக்கட்ட இணைப்பு 400 வோல்ட். மின்மானி, பிரதான ஆளி, கசிவு மின்னோட்டத்தைத் துண்டிக்கும் டிரிப் சுவிட்ச், நில இணைப்பு ஆகியன இதன் உறுப்புகள். 13 அம்பியர் சதுரமுனைச் செருகி 2016இல் தேசியத் தரமாக அறிவிக்கப்பட்டது. பழைய வீடுகளில் 5, 15 அம்பியர் வட்டமுனைச் செருகிகளும் உள்ளன.

குடிநீர்: 1975இல் செயற்படத் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை வழங்குகிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களும், களனி கங்கை நீரைச் சுத்திகரிக்கும் அம்பத்தலை நிலையமும் மூலங்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் நீர் பொதுவாக நிலத்தொட்டியில் சேர்ந்து, பம்பியால் கூரைத் தாங்கிக்கு ஏற்றப்படுகிறது.

கழிவுநீர்: மாநகர சபையின் நிலத்தடிக் குழாய்த்தொகுதி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைக்கத் தொடங்கப்பட்டது. அதன் கடல் வெளியேற்றக் குழாய்கள் இரண்டு: ஒன்று வெள்ளவத்தையிலும், மற்றொன்று கொட்டாஞ்சேனைக்கு வடக்கே முகத்துவாரத்திலும் உள்ளன.

எரிவாயு: குழாய்வழி வழங்கல் பரவலாக இல்லை, 12.5 கிலோகிராம் சிலிண்டரே வழக்கு.

நடமாடும் வீட்டு வண்டி: இதற்கும் மின்சாரம், குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் தேவை. வட அமெரிக்க வண்டிகள் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸில் இயங்குவதால் இலங்கை மின்சாரத்தில் நேரடியாக இணைக்க இயலாது. மின்மாற்றி அழுத்தத்தை மட்டுமே குறைக்கும்; அலைவெண்ணை மாற்றாது.